அரியலூர் செய்தியும் அதில் விடுபட்டவையும்

1956 நவம்பர் 23, விடிவதற்குச் சற்று முன். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியது. வடகிழக்குப் பருவமழை கொட்டிய இரவு அது. ஆறு பெருகிப் பாலத்தையொட்டிய கரையை அரித்துவிட்டிருந்தது. இன்ஜினும் அதை அடுத்த பெட்டிகளும் வெள்ளத்துக்குள் விழுந்தன. செத்தவர்கள் எத்தனை பேர் என்று தேடினால் ஓரிடத்தில் 142 என்று இருக்கும், இன்னோரிடத்தில் 154 என்று இருக்கும், வேறோரிடத்தில் அதற்கும் மேலே போகும். அந்த விபத்தையொட்டிப் பதவி விலகியவர் யார் என்பதில் மட்டும் எந்த நூலுக்கும் ஐயம் கிடையாது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஒரு நிகழ்ச்சியில் தலைவரின் பெயர் துல்லியமாக நிலைத்து, மாண்டவர்களின் தொகை மங்கிப்போனது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் முக்கால் நூற்றாண்டுச் செய்தி வரலாற்றில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது.

செய்தியில் அரசியல் சார்பு என்றதும் நாம் பொய்யைத் தேடிப் போகிறோம். எந்தப் பத்திரிகை இட்டுக்கட்டியது, எந்தத் தொலைக்காட்சி திரித்தது என்று கேட்கிறோம். அது தேவையான வேலைதான். ஆனால் இந்த வட்டாரத்தின் பெரிய செய்திகளை எடுத்துப் பார்த்தால் பொய்யை விடப் பெரிய வேலையைச் செய்திருப்பது விடுபடல். எல்லாத் தரப்பும் உண்மையையே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய மனிதரை நடுவில் நிறுத்தி, வேண்டாத கேள்வியைப் பக்கத்துக்கு வெளியே வைத்திருக்கும். சார்பை அடையாளம் காண விரும்பும் வாசகர் அச்சில் வந்ததோடு நிற்காமல், வராமல் போனது எது என்றும் கணக்கெடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

அரியலூர் விபத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஹைதராபாத் பகுதியில் மெகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி விலகல் கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார், நேரு ஏற்றார். நடந்ததற்குச் சாஸ்திரி பொறுப்பு என்பதற்காக அல்ல, அரசியல் சட்ட மரபுக்கு அது முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கவும் செய்தார். காங்கிரஸ் சார்ந்தவர்கள் சொல்லிவந்த கதை இதிலிருந்து பிறந்தது: அறத்துக்காகப் பதவியைத் துறந்த அமைச்சர். அது பொய்யல்ல. சாஸ்திரியின் நேர்மையைக் குறைத்துப் பேச எந்தக் காரணமும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் தி.மு.க. வேறொரு கதையைச் சொன்னது. அந்தக் கட்சி முதன்முதலாகத் தேர்தல் களம் கண்ட 1957-இல் மேடைகளிலும் சுவர்களிலும் அடிபட்ட பெயர் ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனுடையது. செங்கல்பட்டுக்காரரான அவருடைய பெயருக்கு முன்னால் அரியலூரை அடைமொழியாக ஒட்டி, ஆண்டதையும் மக்கள் மாண்டதையும் எதுகையில் கோத்த அந்த முழக்கத்தை அந்தத் தலைமுறை கடைசிவரை மறக்கவில்லை. அந்தத் தேர்தலுக்குப் பின் அழகேசன் மக்களவையில் இல்லை, 1962-இல்தான் திரும்பினார். முழக்கம் மட்டுமே அவரை வீழ்த்தியது என்று சொல்வது மிகை. ஆனால் சாஸ்திரியைக் கேட்காத கேள்வியை அழகேசனைப் பார்த்து ஏன் கேட்டார்கள் என்பதற்கு விடை எளிது. வாக்குப்பெட்டி இங்கே இருந்தது. தமிழ் வாக்காளருக்குத் தெரிந்த காங்கிரஸ் முகம் அழகேசனுடையது.

இரண்டு கதைகளும் ஒன்றை ஒன்று மறுப்பவை. இரண்டிலுமே ஒன்று விடுபட்டிருக்கிறது: மருதையாற்றுப் பாலம். மூன்று மாத இடைவெளியில் மழைவெள்ளத்தில் இரண்டு பாலங்கள் போய், முந்நூறு பேர் வரை செத்த நாட்டில், முதல் கேள்வி பழைய பாலங்களைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். எந்தப் பாலம் எவ்வளவு நீரைத் தாங்கும், மழை இரவில் தண்டவாளத்தைக் காவல் பார்ப்பது யார், ஆற்றில் நீர் ஏறுவது தெரிந்தால் வண்டியை நிறுத்த யாருக்கு அதிகாரம். தியாகக் கதைக்கும் இந்தக் கேள்விகள் தேவைப்படவில்லை, துரோகக் கதைக்கும் தேவைப்படவில்லை. இரண்டுக்கும் ஒரு மனிதர் போதுமானவராக இருந்தார். 2023-இல் ஒடிசாவின் பாலசோரில் மூன்று ரயில்கள் மோதி ஏறத்தாழ 290 பேர் செத்தபோதும் அரியலூரின் பெயர் மீண்டும் அடிபட்டது. சாஸ்திரி விலகினாரே, இப்போதைய ரயில்வே அமைச்சர் விலகினாரா என்பதுதான் அப்போதும் பேச்சு. ஊரின் பெயர் ஒரு பதவி விலகலுக்கான மேற்கோளாக மட்டும் மிஞ்சிவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆளுங்கட்சியைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுவது எதிர்க்கட்சியின் கடமை. பொறுப்பு என்பது கடைசியில் ஒரு மனிதர் மேல்தான் விழ வேண்டும். பாலத்தைப் பற்றிப் பேசுவது பொறியாளர் வேலை என்று சொல்லலாம். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்சி மேடையில் அந்த முழக்கம் எழுந்ததில் தவறில்லை. மேடையின் வேலையும் பத்திரிகையின் வேலையும் ஒன்றாகிப்போவதுதான் தவறு. முழக்கம் எழுப்புகிறவர் தேர்தலோடு முடித்துக்கொள்ளலாம். செய்தியாளர் விசாரணை அறிக்கை வரும் நாளில் திரும்ப வர வேண்டும். அடுத்த பருவமழையிலும் அந்தப் பாலத்தருகே போய் நிற்க வேண்டும்.

1956 விபத்திலிருந்து மூன்றாண்டு பின்னோக்கிப் போனால் அதே ரயில் பாதையில், அரியலூருக்கும் திருச்சிக்கும் இடையே இருக்கிறது கல்லக்குடி. அன்றைக்கு இந்த வட்டாரம் முழுவதும் ஒன்றுபட்ட திருச்சி மாவட்டம். 1939-இல் வந்த சிமெண்ட் ஆலையை ஒட்டி ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயர். வட இந்திய முதலாளியின் பெயரை நீக்கி ஊரின் பெயரை வைக்கச் சொல்லி, 1953 ஜூலை 15 அன்று தி.மு.க. தன் மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையை அங்கே நடத்தியது. மு. கருணாநிதி பெயர்ப் பலகையை மறைத்துத் தண்டவாளத்தில் படுத்தார். கண்ணதாசனும் ஓர் அணிக்குத் தலைமை ஏற்றார். இருவரும் சிறை சென்றார்கள். பின்னாளில் கட்சியைவிட்டு விலகிய கண்ணதாசன் ‘வனவாச’த்தில் அந்த நாளை எழுதிய விதமும், கருணாநிதி ‘நெஞ்சுக்கு நீதி’யில் எழுதிய விதமும் பொருந்தவே பொருந்தாது. யார் துணிச்சலோடு படுத்தார், யார் எப்போது படுத்தார் என்பது தமிழ் அரசியல் ஏடுகளில் அரை நூற்றாண்டு ஓடிய வழக்கு. அந்தப் போராட்டத்தில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். தலைவர்கள் படுத்த தண்டவாளத்தைப் பற்றி ஓடிய மையில் சிறு பங்குகூட அந்த இருவரைப் பற்றி ஓடவில்லை. மூன்றாண்டு கழித்து மருதையாற்றில் நடந்ததும் இதுதான்.

கல்லக்குடியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. டால்மியா குழுமத்தைக் கட்டியெழுப்பிய ராமகிருஷ்ண டால்மியா 1946-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்தும் நிறுவனத்தையே வாங்கியவர். பிறகு குடும்பப் பிரிவினையில் பத்திரிகையும் ஆலையும் வெவ்வேறு கைகளுக்குப் போயின. ஆனாலும் சிமெண்ட், சணல், வங்கி நடத்துகிறவர்களே நாளிதழும் நடத்துவது அன்றைக்கு நாடு முழுவதும் விவாதமாக இருந்தது. 1952-இல் அமைத்த முதல் பத்திரிகை ஆணையம் இதை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1956-இல் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் வந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் ஆண்டுக்கொருமுறை தன் உரிமையாளர் யார் என்பதை வாசகர் முன் அச்சிட வேண்டும் என்ற விதியும் வந்தது. பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில், உள்பக்கத்து மூலையில், பொடி எழுத்தில் வரும் நான்காம் படிவம் அதுதான். வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் என்று வரிசையாக இருக்கும். அதை வாசித்தவர்கள் குறைவு. சார்பை அறிய விரும்பும் வாசகருக்கு அரசு கொடுத்த மிக மலிவான கருவி அது என்றே கருதுகிறேன்.

அந்தக் காலத்துக் கட்சிப் பத்திரிகைக்கு அந்தப் படிவம்கூடத் தேவைப்படவில்லை. விடுதலை, திராவிட நாடு, நம் நாடு, முரசொலி, ஜனசக்தி என்ற பெயரைப் பார்த்ததும் எந்தக் கொடி என்று தெரிந்துவிடும். மன்றங்களிலும் படிப்பகங்களிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். படிப்பவரும் கேட்பவரும் இது நம் கட்சி சொல்வது என்று அறிந்தே கேட்டார்கள். மறுபக்கம் தெரிய வேண்டுமென்றால் டீக்கடையில் தினமணியோ சுதேசமித்திரனோ கிடக்கும். வெளிப்படையான சார்பு ஏமாற்றாது என்பதற்கு இந்த வாசிப்புப் பழக்கமே சான்று. நெருக்கடி நிலையில் முரசொலி செய்தது அதைவிடப் பெரிய சான்று. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கைதானவர்கள் பட்டியலை வெளியிடத் தணிக்கை விடாது. அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று தலைப்பிட்டு மாவட்டவாரியாகப் பெயர்களை அச்சிட்டது முரசொலி. தணிக்கை அதிகாரி கண்ணில் படாதது தொண்டன் கண்ணில் பட்டது. சொல்லாமல் விட்டதைப் படிக்கத் தெரிந்த வாசகர் கூட்டம் ஒன்று அன்று இங்கே இருந்தது. 1962-இல் பெரம்பலூரிலிருந்து மக்களவைக்குப் போன இரா. செழியன், நெருக்கடி கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை கிடைக்காமல் போனபோது, தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டு 2010-இல் அதை மீண்டும் பதிப்பித்தார். பெரம்பலூரின் பொதுவாழ்க்கை தமிழ்நாட்டுக்குத் தந்த பெரிய கொடைகளில் ஒன்றாக அதை நினைக்கிறேன்.

தொலைக்காட்சி வந்தபின் கொடி மங்கியது. 1993-இல் சன், 1999-இல் ஜெயா என்று தொடங்கிய காலத்தில் எது யாருடையது என்று ஊருக்குத் தெரியும். ஆனால் திரையின் மூலையில் இருந்தது பொதுவான சின்னம், பேசியது பொதுவான குரல். பெரம்பலூர் தொகுதியின் அடுத்த பெரிய செய்தி இந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதன் தொடக்கமே ஒரு பத்திரிகைக் கருத்துக்கணிப்பு. 2007 மே மாதம், கருணாநிதிக்கு அடுத்து யார் என்று தினகரன் ஒரு கணிப்பு வெளியிட்டது. மதுரையில் அந்தப் பத்திரிகையின் அலுவலகம் தாக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் கருகிச் செத்தார்கள். அந்தப் பத்திரிகையை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன் விலக, அந்த இடத்துக்கு அன்றைய பெரம்பலூர் எம்.பி. ஆ. இராசா வந்தார். செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கியது. 2010-இல் இராசாவின் துறை செய்த 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய வழக்கு வெடித்தபோது அந்தத் தொலைக்காட்சிக்குப் போன 200 கோடி ரூபாயும் வழக்குக்குள் வந்தது. 2017 டிசம்பர் 21 அன்று விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது, சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. செய்தி நடந்துகொண்ட விதத்தைப் பார்ப்போம். கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையில் உத்தேச இழப்புக்குப் பல மதிப்பீடுகள் இருந்தன. ஏறத்தாழ 58,000 கோடியிலிருந்து 1,76,000 கோடிக்கு மேல்வரை. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இருந்தது 30,984 கோடி. ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது 1,76,000 கோடி மட்டும். எதிர்க்கட்சி ஊடகம் அந்த எண்ணை உத்தேசம் என்ற அடைமொழி இல்லாமல் சொன்னது. கட்சி ஊடகம் எண்ணையே தவிர்த்தது. இரண்டுமே விடுபடல்தான். 2010 நவம்பரில் ஓப்பன், அவுட்லுக் இதழ்கள் பெருநிறுவனங்களின் அதிகாரத் தரகர் நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்களை வெளியிட்டன. அமைச்சரவையில் யாருக்கு எந்தத் துறை என்ற பேரத்தில் புகழ்பெற்ற பத்திரிகையாளர்களின் குரல்களும் அவற்றில் இருந்தன. அலைக்கற்றையைப் பற்றி நாள்தோறும் முழங்கிய பெரிய நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் முதல் சில நாள்கள் இந்த உரையாடல்களைத் தொடவே இல்லை. கட்சி சாராதவை என்று பெயர் வாங்கிய நிறுவனங்கள் அவை. நடுநிலை என்று அறிவித்துக்கொண்ட ஊடகத்தின் சார்பைக் கண்டுபிடிப்பது கட்சி ஊடகத்தின் சார்பைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். அதன் மௌனத்துக்குக் கொடி கிடையாது.

அதே ஆண்டுகளில் பெரம்பலூரில் நடந்ததைப் பாருங்கள். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று திருமாந்துறை சுற்றுவட்டாரத்தில் சுமார் 3,000 ஏக்கர் விவசாயிகளின் கைவிட்டுப் போனது; தொழிற்சாலை வராமல் அந்த நிலம் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. நிலம் கொடுத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. திருச்சிப் பதிப்பின் மாவட்டப் பக்கத்தைத் தாண்டி அது வெளியே போனது அரிது. சென்னையில் அச்சாகும் பதிப்பில் அந்த மாவட்டப் பக்கமே இருக்காது. கட்சிச் சார்பைப் போலவே இதுவும் ஒரு சார்புதான். தலைநகரத்துச் சண்டைக்குப் பயன்படும் அளவுக்கே ஓர் ஊர் செய்தியாகும் என்ற சார்பு.

2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை தொலைக்காட்சி வந்தபோது கட்சி சாராத செய்திக்கு ஏங்கியிருந்த தமிழர்கள் அதை உண்மையிலேயே வரவேற்றார்கள். அது எஸ்.ஆர்.எம். குழுமக் குடும்பத்தின் நிறுவனம். குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் 2010-இலேயே இந்திய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியிருந்தார். 2014-இல் பா.ஜ.க. கூட்டணியில் பெரம்பலூரில் நின்று தோற்றார். 2019-இல் உதயசூரியன் சின்னத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024-இல் மீண்டும் பா.ஜ.க. அணியில் தாமரைச் சின்னத்தில் நின்று தி.மு.க.வின் அருண் நேருவிடம் தோற்றார். கல்லக்குடி இன்று இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. கருணாநிதி 1957-இல் முதன்முதலாக வென்ற குளித்தலையும் இதற்குள்தான்.

உரிமையாளர் யார் என்று தெரிந்தால் செய்தி எப்படியிருக்கும் என்று சொல்லிவிடலாம் என நினைப்பவர்களுக்கு இந்தத் தொலைக்காட்சியின் வரலாறே மறுப்பு. நிறுவனர் பா.ஜ.க. அணியில் நின்ற மறு ஆண்டு, 2015 மார்ச்சில், தாலி பற்றிய நிகழ்ச்சி ஒன்றுக்காக அதன் சென்னை அலுவலகத்தின் மீது இந்துத்துவ அமைப்பைச் சேர்ந்தவர்கள் டிபன் பாக்ஸ் குண்டு வீசினார்கள். 2018-இல் அ.தி.மு.க. ஆட்சியின்போது கோவையில் நடத்திய வட்டமேசை விவாதத்துக்காக அதன்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. செய்தியறையில் வேலை பார்ப்பவர்கள் முதலாளியின் கூட்டணியைப் பார்த்தே எழுதுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகவே உரிமையாளர் வேட்பாளர் என்பதே ஒருதலைச் செய்திக்குச் சாட்சியாகிவிடாது. எந்த இடத்தில் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அது காட்டும். தேர்தல் ஆணையமும் அவ்வளவு தூரம்தான் போகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு அமர்ந்து, காசு வாங்கிக்கொண்டு செய்தியாக வெளியிட்ட விளம்பரத்தைத் தேடுகிறது. வேட்பாளரே ஊடகம் வைத்திருந்து அதில் பிரச்சாரம் செய்தால் விளம்பரக் கட்டணப்படி அதைச் செலவுக் கணக்கில் சேர்க்கிறது. வந்ததை நிமிடக் கணக்கில் அளக்கலாம். வராததை அளக்க எந்தக் குழுவாலும் ஆகாது. அது வாசகர் வேலை. பெரம்பலூர் மாவட்டத் தலைநகருக்கு இன்றுவரை ரயில் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை போடும் பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வருகிறது. வாக்குறுதி தந்த நாளில் வரும் செய்தியையும், அடுத்த ஐந்து ஆண்டில் அதைப் பற்றி வந்த செய்திகளையும் ஒரே ஊடகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கட்சிக்காரர் சொல்லாததும் தெரியும்.

சார்பில்லாத எழுத்து உலகில் இல்லை, எல்லோரும் ஒரு பக்கம்தான், பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த அலுப்பு அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் வசதியானது. எல்லாச் சார்பும் ஒரே அளவு என்று ஒப்புக்கொண்டால் பெயரைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்ட கட்சி ஏடும், நடுநிலை என்று சொல்லிக்கொண்டு ராடியா உரையாடல்களை மறைத்த ஏடும் ஒன்றாகிவிடும். அவை ஒன்றல்ல. விடுபடலை நிரப்பவும் முடியும். மாவட்டமாக அரியலூர் இரண்டாம் முறை தொடங்கப்பட்டது 2007 நவம்பர் 23. விபத்து நடந்த அதே தேதி. அரியலூர் அரசு கலைக் கல்லூரியிலும் பெரம்பலூர் கல்லூரிகளிலும் வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னை கன்னிமரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் உள்ளன. ரயில்வே விசாரணை அறிக்கைகளைக் கேட்டுப் பெறலாம். கல்லகம், அரியலூர் சுற்று ஊர்களில் அந்த வெள்ளத்தைக் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காங்கிரஸ் ஏடும் தி.மு.க. ஏடும் ஆங்கில ஏடும் அந்த வாரத்தில் எழுதியதை ஒப்பிட்டு, மருதையாற்றில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஊர்வாரியாகத் தொகுத்து, மாவட்ட மைய நூலகத்தில் வையுங்கள்.